ஐந்து கம்பியில் கட்டிய ஊர்

இரண்டு பெரிய டெலிபோன் கம்பனிகள் ஒன்றாகப் போகின்றன என்று பத்திரிகையில் செய்தி வந்தால், அதன் கீழே ஒரு வசனம் தவறாமல் இருக்கும். இதனால் வாடிக்கையாளர்களுக்கு மேலும் சிறந்த சேவை கிடைக்கும் என்று. அதை வாசிக்கும்போது எனக்கு முதலில் சிரிப்பு வரும், பிறகு கோபம் வரும். கோபம் எனக்கு மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

கோடிக்கணக்கில் கைமாறும் கம்பனிகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒரேயொரு ஒன்றாக்கல்தான். மூதூரில் இருந்த சின்ன எக்ஸ்சேஞ்சை எடுத்துத் திருகோணமலையில் இருந்த பெரிய எக்ஸ்சேஞ்சோடு சேர்த்தார்கள். சேர்ந்த சாமான்களில் நானும் ஒன்று. அப்போது நான் மூதூரில் ஒப்பரேட்டர்.

நான் திருகோணமலைக்காரி. துறைமுகத்துக்குப் பின்னால், கோவில் மணி கேட்கும் தூரத்தில் எங்கள் வீடு. மூதூருக்கு மாற்றம் வந்தபோது லோஞ்ச் படகில் ஏறி, கொட்டியார்க் குடாவை அழுதுகொண்டே கடந்தேன். யாரோ பகைத்து என்னைக் கடலுக்கு அப்பால் தள்ளிவிட்டது போல ஒரு நினைப்பு. ஒரு வருஷம் போவதற்குள் லீவில் வீட்டுக்கு வந்தால் எப்போது திரும்புவேன் என்று இருந்தது. அம்மா கேட்டா, "அங்க அப்பிடி என்னடி இருக்கு?" என்று. "கதை இருக்கு அம்மா" என்றேன். உண்மையும் அதுதான்.

மூதூர் எக்ஸ்சேஞ்ச் என்பது தபாற்கந்தோரின் பின் அறை. ஒரு மரப்பலகை, ஒரு கதிரை, ஒரு யன்னல். பலகையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னத் தகட்டு மூடி. வீட்டில் இருப்பவர் டெலிபோனின் கைபிடியைச் சுற்றினால் அந்த மூடி 'டிக்' என்று விழும். நான் என் வயரை அதில் செருகி யார் வேண்டும் என்று கேட்பேன். நெல் ஆலைகள், கடைகள், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், பொலிஸ், சில வீடுகள், அடுத்த ஊரான தோப்பூரின் கூட்டுறவுச் சங்கக்கடை. அவ்வளவுதான் மூடிகள். ஆனால் டெலிபோன் வைத்திருந்த வீடு அந்த வீட்டுக்காரருக்கு மட்டும் சொந்தமில்லை. வேலிக்கு வேலி ஆள் வந்து "அவசரம், ஒருக்காச் சுத்தித் தாங்க" என்று நிற்கும். ஒருவருக்கும் இல்லை என்று சொன்னதாக நான் கேட்டதில்லை.

அந்த ஊரில் இலக்கம் சொல்லிக் கேட்டவர்கள் வெளியூர் உத்தியோகத்தர்கள் மட்டும்தான். ஊர்ச்சனம் ஆளைத்தான் கேட்கும். "டாக்குத்தரத் தாங்க", "சங்கத்துல மனேஜர் இரிக்காரா பாருங்க." இதைவிட இரண்டு வழக்கங்கள் அந்த ஊருக்கே உரியவை. அவற்றை யார் தொடங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் போனபோதே இருந்தன.

ஒன்று, பொதுமணி. காலையில் முதல் லோஞ்ச் புறப்படுவதற்கு முன் எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரு நீள மணி அடிக்க வேண்டும். எல்லோரும் ரிசீவரைத் தூக்குவார்கள். கடல் எப்படி, லோஞ்ச் ஓடுமா, டாக்டர் ஊரில் நிற்கிறாரா, இரவில் மௌத்தானவர் யார், அடக்கம் எத்தனை மணிக்கு என்று நான் சொல்வேன். கடைசியில் "முடிஞ்சுது" என்பேன். எல்லோரும் வைத்துவிடுவார்கள். அந்த வேலைக்கு எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை, ஆனால் வானொலியில் செய்தி வாசிப்பவர்களுக்குக்கூட என்னளவு மிடுக்கு இருந்திருக்காது.

மற்றது, 'மிஸ்ஸி இஞ்ச'. அரசாங்க மருத்துவமாதை ஊர் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும். அவ காலையில் சைக்கிளில் புறப்பட்டால் பொழுது சாயும்வரை வீடு வீடாகப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்த்துக்கொண்டு திரிவா. அவவுடைய குவாட்டர்ஸுக்கு மணி அடித்துப் பிரயோசனமில்லை, பூட்டுத்தான் தொங்கும். அதனால் அவ எந்த வீட்டுப் பக்கம் வந்தாலும், அங்கே கிட்ட உள்ள டெலிபோனில் யாராவது கைபிடியைச் சுற்றி, "மிஸ்ஸி இஞ்ச", மிஸ்ஸி இங்கே, என்று இரண்டே சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார்கள். எந்நேரமும் அவ எங்கே நிற்கிறா என்பது என் பலகைக்குத் தெரியும். அவவுக்கும் இது தெரியும். "நான் ஒளிச்சு ஒரு தேத்தண்ணி குடிக்க ஏலாது இந்த ஊரில" என்று சிரிப்பா.

அப்போதுதான் ஒன்றாக்கல் வந்தது.

திருகோணமலையில் இருந்து டெலிபோன் இலாகாப் பெரியவர் ஒருவர் வந்து பின் அறையைப் பார்த்தார், பலகையைத் தட்டினார், பழசு என்றார். டவுனில் புதிய பெரிய பலகை வைத்தாயிற்று, மூதூரையும் அதில் சேர்த்துவிட்டால் இரவு பகலாகச் சேவை, செலவும் மிச்சம் என்றார். நியாயமாகச் சொன்னால் அதில் ஒரு நன்மை இருந்தது. எங்கள் பலகை மாலையில் மூடினால் மறுநாள் காலையில்தான் திறக்கும். புதிய பலகைக்கு நித்திரையே இல்லை. ஆனால் செலவு எப்படி மிச்சம் என்று கேட்டபோது விஷயம் வெளிவந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் டவுனுக்கு ஒவ்வொரு கம்பி இழுக்க முடியாதாம். கிண்ணியா வழியாக ஐந்து கம்பிதான். மூதூரின் எல்லா டெலிபோன்களையும் பிரித்து அந்த ஐந்தில் கட்டுவார்கள். ஒரு கம்பியில் ஐந்தாறு வீடு. உனக்கு ஒரு நீள மணி, அடுத்த வீட்டுக்கு ஒரு நீளம் ஒரு கட்டை என்று அடையாளம். மற்றவருக்கு மணி அடித்தால் தூக்கக் கூடாது.

"அப்ப, பக்கத்து வீட்டோட கதைக்கிறதுக்கும் டவுனைக் கேக்கவேணுமோ?" என்றேன்.

"ஓம், அதுதான் முறை" என்றார் பெரியவர்.

"கையால எட்டித் தொடுற வீட்டோட கதைக்கக் கடலைச் சுத்திப் போகவேணும். நல்ல முறை."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எனக்கு டவுன் பலகையில் இடம் தருவதாகவும், அது பதவி உயர்வு மாதிரி என்றும், நான் சந்தோஷப்பட வேண்டும் என்றும் சொன்னார்.

இந்தச் செய்தியைக் கேட்டதும் முதலில் கைபிடியைச் சுற்றியது ராத்தா. நெல் ஆலைக்காரரின் மனைவி; அக்காவை அந்த ஊர் முஸ்லிம்கள் ராத்தா என்பார்கள். அவவின் குரலை எனக்கு ஐந்தாறு வருஷமாகத் தெரியும், முகம் தெரியாது. காலைப் பொதுமணி முடிந்ததும் "இண்டைக்கு உங்கட தொண்ட சரியில்ல தங்கச்சி, கொத்தமல்லி குடிங்க" என்று சொல்லிவிட்டு வைப்பா. அவ்வளவு பழக்கம். அவவுக்கு ஒரே மகள். அந்தப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், அதனால் மகள் தாயோடுதான் இருந்தாள். முதற்பிள்ளை தங்கவில்லை. அந்த நேரம் நான் இன்னும் மூதூருக்கு வரவில்லை, மிஸ்ஸியும் வரவில்லை. உதவி வந்து சேருவதற்குள் பிள்ளை போய்விட்டது. இப்போது மகள் இரண்டாவதைச் சுமந்துகொண்டிருந்தாள்.

"நீங்களும் அக்கரைக்குப் போய்ட்டா, என்ட புள்ளைக்கு நோவு வந்தா மிஸ்ஸிய ஆரு தேடித் தாறது?" என்று கேட்டா.

"நான் அங்கயும் பலகையிலதானே ராத்தா இருக்கப்போறன்."

"பலகையில இரிப்பீங்க. ஊருல இரிக்க மாட்டீங்களே."

 

நான் புறப்பட்ட நாளில், இறங்குதுறையில் முக்காடு போட்ட ஒரு பொம்பிளை நின்றுகொண்டிருந்தா. மெலிந்த, சின்ன உருவம். நான் குரலை வைத்து ஒரு பருத்த ஆளை மனதில் செய்து வைத்திருந்தேன். "நீங்கதானா தங்கச்சி?" என்று அவ கேட்டதும்தான் யார் என்று தெரிந்தது. ஒரு பொட்டலம் தொதல் இனிப்பு தந்தா. அவவுக்குப் பின்னால் மகள், வயிற்றில் கையை வைத்துக்கொண்டு. ராத்தா என் கையைப் பிடித்தபடியே நின்றா. லோஞ்ச்காரன் சத்தம் போட்ட பிறகுதான் விட்டா.

டவுன் எக்ஸ்சேஞ்ச் பெரிய மண்டபம். மேலே காற்றாடி, மெழுகிட்ட தரை, வரிசையாகக் கதிரைகள். எங்கள் மேற்பார்வையாளர் யாழ்ப்பாணத்து மிஸ். வெள்ளைச் சேலையில் ஒரு மடிப்புக் குலையாது, பேச்சிலும் குலையாது. கெட்டவ இல்லை. ஒரு பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் தானே அந்தக் கதிரையில் இருந்து வேலை செய்வா. ஆனால் முறை என்றால் முறைதான். ஒருவர் கேட்டால் ஒருவரைக் கொடு. பதில் இல்லையென்றால் பதில் இல்லை என்று சொல். அதற்குமேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

முதல் நாள் காலையில் ஒரு கூத்து நடந்தது. மூதூருக்கென்று ஒதுக்கிய ஐந்து மூடியும் ஒரே நேரத்தில் 'டிக்' என்று விழுந்தன. பக்கத்துக் கதிரைப் பிள்ளை பயந்து கையை எடுத்துவிட்டாள். கிண்ணியாவில் கம்பம் விழுந்துவிட்டது, கம்பிகள் ஒன்றோடொன்று பட்டுவிட்டன என்று சத்தம். மிஸ் லைன்மேனைக் கூப்பிட ஆள் அனுப்பினா. நான் சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தேன். பொதுமணி நேரம்.

"லைன்மேன் வேண்டாம் மிஸ். பொதுமணிக்குத் தூக்கியிருக்கினம்" என்றேன்.

மணி அடிக்கவே இல்லை. அடிக்காத மணிக்கு ஒரு ஊரே எழும்பிக் கைபிடியைச் சுற்றிவிட்டு, காதில் ரிசீவரை வைத்துக்கொண்டு நின்றது.  மிஸ் கேட்டா, அது என்ன பொதுமணி என்று. சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இஞ்ச அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு சொல்லிவிடுங்கோ பிள்ளை" என்றா. நான் ஒவ்வொரு கம்பியாகப் போய், இனிப் பொதுமணி இல்லை என்று சொன்னேன். ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் ரிசீவர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வைபடும் சத்தம் மட்டும் கேட்டது.

அடுத்த நாள் அதே நேரம் ஐந்து மூடியும் விழுந்தன. அதற்கடுத்த நாளும் விழுந்தன. பிடிவாதமா, பழக்கமா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

சேவை எப்படி இருந்தது என்று கேட்டால், திருகோணமலையோடு கதைக்க மூதூருக்கு இலேசாயிற்று, மூதூரோடு கதைக்க மூதூருக்குக் கஷ்டமாயிற்று. கடை முதலாளி ஆலையைக் கேட்டால் கம்பி ஓய்வில்லை என்று டவுன் சொல்லும். டாக்டரைக் கேட்டால் பதில் இல்லை என்று சொல்லும். அவர் எதிர் வீட்டில்தான் நிற்கிறார் என்பது டவுன் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? அவர்களைப் பிழை சொல்ல ஏலாது. 'மிஸ்ஸி இஞ்ச' என்று வந்த அழைப்புகளை முதலில் அவர்கள் பைத்தியக்காரர் வேலை என்று நினைத்தார்கள். பிறகு மேற்பார்வையாளர் மிஸ்ஸிடம் முறையிட்டார்கள். யாரையும் கேட்காத, எதற்கும் கட்டணம் எழுத முடியாத அழைப்பு எடுக்கக் கூடாது என்று மிஸ் தடுத்துவிட்டா. நான் வாதாடினேன். மிஸ்ஸுக்கு மிஸ்ஸியை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒரு விஷயத்தில் மட்டும் மூதூர் சட்டத்தை வளைத்தது. மற்றவருக்கு மணி அடித்தால் தூக்கக் கூடாது என்ற கட்டளையை அந்த ஊர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. யாருக்கு அடித்தாலும் எல்லோரும் தூக்கினார்கள். அதிலும் ஒரு கேடு இருந்தது. ஒரு கம்பியில் எத்தனை பேர் தூக்குகிறார்களோ, அவ்வளவுக்குச் சத்தம் தேய்ந்துகொண்டு போகும். ஐந்தாறு பேர் தூக்கினால் கிணற்றுக்குள் இருந்து கதைப்பது போலத்தான் கேட்கும். மிஸ் இதைத்தான் சுட்டிக்காட்டுவா.

"பாருங்கோ பிள்ளை, உங்கட சனத்துக்கு டெலிபோன் பாவிக்கத் தெரியாது. ஒட்டுக்கேக்கத்தான் தெரியும்."

"தெரியாமலில்லை மிஸ். உங்களுக்கு வீடு தனித்தனி. அவைக்கு அப்பிடி இல்லை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவ தன் மேசைக்குப் போய்விட்டா.

மாரி தொடங்கியது. ஒரு நாள் காலையிலேயே வாடைக்காற்று ஏறி, குடா முழுக்க வெள்ளை நுரை. லோஞ்ச் நிறுத்தியாயிற்று. மூதூர் டாக்டர் முதல்நாள் ஏதோ வேலையாக டவுனுக்கு வந்தவர், திரும்பிப் போக வழியில்லாமல் இக்கரையில் அகப்பட்டுவிட்டார். மதியத்துக்குக் கிட்ட, பக்கத்துக் கதிரையில் மூதூர் இரண்டாவது கம்பியின் மூடி விழுந்தது. பிள்ளை எடுத்தாள், கேட்டாள், மிஸ்ஸியின் குவாட்டர்ஸுக்கு மணி அடித்தாள். "பதில் இல்லை" என்றாள். உடனே மூடி திரும்ப விழுந்தது. திரும்ப "பதில் இல்லை." மூன்றாம் தரம் விழுந்தபோது அவளுடைய காதுக்கருவிக்குள்ளால் ஒரு குரல் எனக்கும் கேட்டது. நான் எழும்பிப் போய் அதைக் கழற்றி என் காதில் வைத்தேன்.

"ராத்தா, நான்தான். சொல்லுங்கோ."

 ஒரே மூச்சில் வந்தது.

"தங்கச்சி, மகளுக்கு நோவு வந்திட்டு. இன்னும் நாள் இரிக்கி, அதுக்குள்ள பன்னீர்க் குடம் உடைஞ்சிட்டு. டாக்குத்தரும் இல்ல. மிஸ்ஸிய எங்கயாவது புடிச்சித் தாங்க, அல்லாவுக்காக."

அவவின் குரல் தேய்ந்துகொண்டே போனது. கம்பியில் மற்ற வீடுகள் தூக்கிவிட்டன என்று எனக்கு விளங்கியது. மூச்சுச் சத்தங்கள் கேட்டன. அன்றைக்கு நான் அதற்காகக் கோபப்படவில்லை.

"கம்பியில நிக்கிற எல்லாரும் கேளுங்கோ. மிஸ்ஸியைக் கண்டவை ஒவ்வொருத்தராச் சொல்லிப்போட்டு வையுங்கோ. சொல்ல இல்லாதவை இப்பவே வையுங்கோ. ராத்தா, நீங்கள் மட்டும் வையாதைங்கோ."

இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையால் உடம்பு சிலிர்க்கிறது. டெலிபோன் பாவிக்கத் தெரியாத சனம் என்றார்களே, அந்தச் சனம் அன்றைக்கு நடந்துகொண்ட முறையை எந்தப் பெரிய பட்டணத்திலும் நான் பிறகு பார்க்கவில்லை. ஒருவர் மேல் ஒருவர் கத்தவில்லை. 'டக்', 'டக்' என்று ரிசீவர்கள் வைபட்டன, குரல் தெளிந்தது. ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் மட்டும் நின்று, "மிஸ்ஸி மழைக்கு முந்தி இந்தப் பக்கத்தால தோப்பூர் ரோட்டுக்குப் போனவ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

தோப்பூர்ச் சங்கக்கடை ஐந்தாவது கம்பி. அந்த மூடியில் இன்னொரு வயரைச் செருகினேன். அப்போதுதான் பின்னால் வெள்ளைச் சேலை வந்து நிற்பது தெரிந்தது. மிஸ்.

"என்ன பிள்ளை இது, சந்தையோ? ரெண்டு கம்பியை ஒண்டாய்ச் சேர்க்கக் கூடாது எண்டு தெரியாதோ?" அவவின் கை வயரைப் பிடுங்க நீண்டுவிட்டது.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. "மிஸ், ஒரு பிள்ளை முந்தியே போன வீடு அது. இந்த முறையும் போனா, கம்பி கம்பியாய்ப் பதில் இல்லை எண்டு நாங்கள்தான் சொல்லியிருப்பம். இது முடியட்டும். பிறகு என்னை வீட்டை அனுப்புங்கோ" என்றேன்.

 அவ கையை எடுக்கவில்லை. அந்த நேரம் ஐந்தாவது கம்பியில் தோப்பூர்ச் சங்கக்கடை மனேஜர் வந்தார். மிஸ்ஸி அங்கே வந்து சேரவில்லை என்றார். அப்படியானால் மூதூருக்கும் தோப்பூருக்கும் நடுவில் எங்கேயோ. நடுவில் உள்ள வீடுகள் மூன்றாம் கம்பியிலும் நாலாம் கம்பியிலும். எனக்கு இருந்தது இரண்டு கை. ஒன்றில் ராத்தா, ஒன்றில் தோப்பூர்.

மறுபக்கத்துக் கதிரை இழுபடும் சத்தம் கேட்டது. மிஸ் அதில் இருந்த பிள்ளையை எழுப்பிவிட்டு, தான் இருந்து, காதுக்கருவியைக் கொண்டைக்கு மேலால் மாட்டினா. மூன்றாம் கம்பிக்கு ஒரு நீள மணி அடித்தா.

"நான் கதைக்கிறன். என்ன சொல்லவேணும்?" என்று என்னைக் கேட்டா. சொன்னேன். அவ அதை அப்படியே தன் யாழ்ப்பாணத் தமிழில் சொன்னா. அந்தப் பக்கத்தில் ஒரு ஆண்குரல் சந்தேகத்தோடு கேட்டது, "நீங்க ஆரு?"

 "நானும் உங்கட எக்ஸ்சேஞ்சுதான்" என்றா மிஸ்.

மூன்றாம் கம்பியில் இல்லை. நாலாம் கம்பியில் வீதியோரத்து வேளாண்மைக்காரர் வீட்டுப் பொம்பிளை ஒருத்தி தூக்கினா. "மிஸ்ஸி இஞ்ச இல்லையே" என்றா. வைக்கப்போனவ நின்றுவிட்டா. "பொறுங்க, பொறுங்க. அவட சைக்கிள் எங்கட வேலியில நிக்கிது. வரம்பால இறங்கி வயல் வாடிக் குடிசைப் பக்கம் போயிருப்பா போல." பிறகு ரிசீவரை அப்படியே போட்டுவிட்டு அவ ஓடுவது எங்களுக்குக் கேட்டது. மழை கேட்டது. தூரத்தில் அவ கூப்பிடும் சத்தம் கேட்டது. நானும் மிஸ்ஸும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, பலகையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

எவ்வளவு நேரம் போயிற்றோ, தெரியாது. மூச்சு வாங்க ஒரு குரல் வந்தது. "மிஸ்ஸி இஞ்ச."

தடுக்கப்பட்ட அந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். மிஸ் அழவில்லை. ஆனால் "அவவுக்கு வாகனம் வேணும், சைக்கிளில ஏலாது, சேறு" என்று எனக்குமுன் அவவே கம்பியில் சொன்னா. ராத்தாவின் ஆலையில் இருந்து மெசின், அதாவது உழவு இயந்திரம், அந்தக் கணமே புறப்பட்டது. ஆலைக்காரர் தானே ஓட்டிக்கொண்டு போனாராம். மிஸ்ஸி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்துக்கு மேல் மட்காட்டில் குந்திக்கொண்டு, நனைந்த கோழி மாதிரி வந்து இறங்கியதாகப் பிறகு ஊரே சொல்லிச் சிரித்தது.

பின்னேரம் இரண்டாம் கம்பியில் மாப்பிள்ளை வந்தார். தாயும் பிள்ளையும் சுகம் என்றார். கொடி கழுத்தில் சுற்றியிருந்ததாம், மிஸ்ஸி வந்திருக்காவிட்டால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல ஏலாதாம். பெண்பிள்ளை. அதோடு வைத்துவிட்டார்.

மிஸ் வீட்டுக்குப் புறப்படும்போது குடையை எடுத்துக்கொண்டு என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றா. என்னை வீட்டுக்கு அனுப்பும் பேச்சு வரும் என்று காத்திருந்தேன். "அந்தப் பொம்பிளை சைக்கிளைக் காணாம விட்டிருந்தா?" என்று கேட்டா.

"அங்க ஆரும் காணாம விடமாட்டினம் மிஸ்" என்றேன்.

மறுநாள் காலையில் மழை விட்டிருந்தது. நான் கதிரையில் இருந்து மணிக்கூட்டைப் பார்த்தேன். அந்த நேரம் வந்ததும் மூதூரின் ஐந்து மூடியும் ஒன்றாக விழுந்தன. பிள்ளைகள் எல்லோரும் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார்கள். அவ மேசையில் இருந்து தலையைத் தூக்காமல் சொன்னா:

"காலமையில லைன் சோதிக்க ஒரு மணி அடிக்கலாம். சோதனை மணி எண்டு நான் எழுதிக்கொள்ளுறன். அடியுங்கோ பிள்ளை."

ஐந்து வயரையும் சேர்த்து நீளமாக ஒரு மணி அடித்தேன். கடல் இறங்கிவிட்டது, லோஞ்ச் ஓடும், டாக்டர் அதில் வருகிறார் என்று சொன்னேன். சொல்லி முடித்து, வழக்கப்படி "முடிஞ்சுது" என்று சொல்ல வாயெடுத்தேன். "கொஞ்சம் நில்லுங்க தங்கச்சி" என்றது ராத்தாவின் குரல். "ஊருக்கு ஒரு ஆளக் காட்டணும்."

ஒரு முழு ஊரும் ஐந்து கம்பியில் ரிசீவரைத் தூக்கி வைத்திருந்தது. அத்தனை பேர் தூக்கினால் சத்தம் எவ்வளவு தேயும் என்று எனக்குத் தெரியும். நான் காதுக்கருவியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். மிஸ் எழும்பி வந்து, பக்கத்துக் கதிரையின் காதுக்கருவியை எடுத்துத் தன் காதில் வைத்தா. கிணற்றுக்குள் இருந்து வருவது போல, மிக மெல்லிசாக, ஒரு குழந்தை அழுதது. ஒருவரும் வைக்கவில்லை.